பெயரில்லாத பூனை: சோசெக்கியின் அங்கதமும் அன்பும்

மனிதர் பட்டினி கிடக்கும் உலகிலே பூனையைப் பற்றி எழுதுவதா? இக்கட்டுரையின் பொருளை நண்பர் சிலரிடம் கூறியபோது எமக்குக் கிடைத்த முதற் கேள்வி இதுவேயாகும். கேள்வி நியாயமானது. பட்டுமெத்தையில் நாய் உறங்க, அதே வீட்டின் குசினி வாசலில் வேலைக்காரச் சிறுவன் பசியோடு காத்து நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். செல்லப் பிராணிகள் மீது காட்டப்படும் அன்பு பல வேளைகளில் மனிதர் மீது காட்டத் தவறிய அன்பை மறைக்கும் திரையாகவே இருந்து வந்துள்ளது. எனவே, அவ்வன்பை ஐயுறவோடு நோக்குவது முற்போக்காளர்க்கு இயல்பு.

நாமும் அவ்வையுறவு கொண்டிருந்தவரே. ஒரு மாரிக் காலத்தில், எலும்பும் தோலுமான பூனையொன்று எமது குசினிக்குள் நுழைந்தது. இரண்டு தடவை சாக்கில் போட்டுக் கொண்டுபோய்ச் சந்தைப் பக்கம் விட்டு வந்தோம். இரண்டு தடவையும் எமக்கு முன்னதாகவே அது வீடு வந்து சேர்ந்தது. மூன்றாம் தடவை சாக்கைத் தேட எமக்கு மனம் வரவில்லை. இப்படியாக வந்த பூனை எம்மை மீண்டும் ஒரு பழைய நூலிடம் அனுப்பியது. யப்பானிய நாவலாசிரியர் நட்சுமே சோசெக்கி எழுதிய ‘நான் ஒரு பூனை’ என்பதே அந்நூல். 1970களிலும் 1980களிலும் ஐக்கோ இற்றோவும் கிறகம் வில்சனும் மூன்று பாகங்களாக அதனை ஆங்கிலத்திற் பெயர்த்தனர். முன்னர் அந்நூலை நகைச்சுவைக்காக வாசித்தோம். இம்முறை அதனை எழுதிய மனிதனையும், அவன் வீட்டுக்கு வந்த உண்மைப் பூனையையும் பக்கத்தில் வைத்து வாசித்தோம். அவ்வாசிப்பின் பயனே இக்கட்டுரை.

1904ஆம் ஆண்டின் கோடைத் தொடக்கத்தில், டோக்கியோவின் செந்தாகிப் பகுதியில் இருந்த சோசெக்கியின் வாடகை வீட்டுக்குள் தெருப் பூனைக்குட்டியொன்று புகுந்தது. அவருடைய மனைவி கியோக்கோவுக்குப் பூனை என்றாலே பிடிக்காது. தூக்கி வெளியே எறிந்தார், அது மீண்டும் வந்தது, மீண்டும் எறிந்தார். ஈற்றில் சோசெக்கி கண்டு விசாரித்து, இவ்வளவு தூரம் வர விரும்புவதாயின் இருந்துவிட்டுப் போகட்டும் என்றாராம். வீட்டுக்கு வந்து உடம்பு பிடித்துவிடும் முதியவள் ஒருத்தி, நகம்வரை கறுத்த இத்தகைய பூனை அதிர்ஷ்டம் கொண்டுவரும் என்று சொன்ன பின்னரே கியோக்கோ அதற்கு முகம் கொடுத்தார். இவ்விபரங்கள் கியோக்கோ பிற்காலத்திற் சொல்ல, 1928இல் நூலுருப் பெற்ற நினைவுகளிற் காணப்படுகின்றன. ஓர் உயிர் வீட்டில் இருப்பதற்கு அது உயிர் என்பது போதிய நியாயமாகவில்லை. அதிர்ஷ்டம் என்ற இலாபக் கணக்கொன்று வேண்டியிருந்தது.

அக்காலத்திற் சோசெக்கியின் நிலை யாது? 1900ஆம் ஆண்டு அரசாங்கம் அவரை ஆங்கிலம் கற்க இலண்டனுக்கு அனுப்பியது. வறுமையிலும் தனிமையிலும் அங்கு இரண்டாண்டுகளுக்கு மேல் உழன்று, நரம்புத் தளர்ச்சியோடு திரும்பினார். 1903இல் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில், மாணவரின் பேரன்பைப் பெற்றிருந்த லவ்காடியோ ஹேர்ணுக்குப் பின் விரிவுரையாளரானார். கற்பித்தலை அவர் வெறுத்தார், வீட்டிற் சினந்தார், வயிற்று நோயால் வருந்தினார். தெருப் பூனையை உள்ளே விடச் சொன்னவர் இந்த மனிதர்தாம்.

அவரது இளமையை அறிந்தோருக்கு இது வியப்பளிக்காது. 1867இல், பல பிள்ளைகளுள்ள வீட்டில், வயதான பெற்றோருக்கு வேண்டாப் பிள்ளையாகப் பிறந்தவர் சோசெக்கி. பிறந்ததும் பழைய சாமான் விற்கும் குடும்பமொன்றிடம் ஒப்படைக்கப்பட்டார். இரவுக் கடைத்தெருவில், விற்பனைக்கு வைத்த தட்டுமுட்டுச் சாமான்களிடையே சிறு கூடையொன்றிற் கிடந்த அக்குழந்தையைத் தமக்கை கண்டு இரங்கி வீட்டுக்குத் தூக்கி வந்ததாக அவரே 1915இல் எழுதியுள்ளார். பின்னர் வேறொரு வீட்டுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டு, அவ்வீடும் சிதைய, ஒன்பது வயதளவிற் பிறந்த வீட்டுக்கு மீண்டார். நட்சுமே என்ற குடும்பப் பெயர் சட்டப்படி அவருக்குத் திரும்பக் கிடைத்தது 1888இலேதான். வாசலிலிருந்து வாசலுக்கு எறியப்பட்ட பிள்ளை அவர். பூனைக்குப் பெயர் வைக்காமலேயே விட்டதற்கும் இவ்வரலாற்றுக்கும் உறவுண்டு என்று எம்மால் நிறுவ முடியாது. ஆயின் அவ்வெண்ணத்தைத் தவிர்க்கவும் முடியவில்லை.

பூனை வந்த ஆண்டின் இறுதியில் அவர் ஒரு சிறு சித்திரம் எழுதினார். ‘ஹொத்தொத்தோகிசு’ என்ற கவிதைச் சஞ்சிகையில் 1905 ஜனவரியில் அது வெளிவந்தது. வாசகர் மேலும் கேட்டனர். 1906 ஓகஸ்ட் வரை பதினோர் அத்தியாயங்களாக அது வளர்ந்தது. பெயரற்ற தெருப் பூனையொன்று, குஷாமி என்னும் பள்ளி ஆசிரியர் வீட்டிலிருந்து மனித இனத்தை ஆராய்வதே கதை. பூனை தன்னைக் குறிக்க வழங்கும் சொல், பெரிய மனிதரும் அதிகாரிகளும் தம்மைக் குறிக்க வழங்கும் ஆடம்பரச் சொல். தமிழில் ‘யாம்’ என்றாற் பொருந்தும். பெயர்கூட இல்லாத ஒன்று ‘யாம்’ என்று பேசுவதே முதல் அங்கதம். இக்கட்டுரையிற் பயிலும் ‘நாம்’ என்ற சொல்லும் அப்பூனையின் காதில் விழுந்தால் அது மீசையைத் துடைத்துக்கொண்டு நகைக்கும் என்பதை நாம் மறக்கவில்லை.

இந்நூலை வெறும் நகைச்சுவை நூலெனத் தள்ளுவோர் அதன் தொடக்கத்தையே சரியாக வாசிக்காதவர் எனலாம். அயல் வீட்டு வெள்ளைப் பூனை ஈன்ற நான்கு குட்டிகளையும் அவ்வீட்டில் தங்கியிருக்கும் மாணவன் கொண்டுபோய்க் குளத்தில் எறிந்துவிடுகிறான். இன்னொரு பூனை, மனிதருக்குச் சொத்துரிமையின் பொருளே தெரியாது என்று சினக்கிறது. பூனைகளின் வழக்கில், கண்டெடுத்தவருக்கே உணவு உரியது. மனிதரோ கண்டெடுத்தவரிடமிருந்து பலத்தாற் பறித்துக்கொள்கின்றனர். மிகச் சிறப்பானது றிக்ஷாக்காரன் வீட்டுக் கறுப்புப் பூனையின் முறைப்பாடு. அந்நாளில் கொள்ளை நோயைத் தடுக்கும் பொருட்டு, பிடித்துக் கொடுக்கும் எலி ஒவ்வொன்றுக்கும் பொலிஸ் காவற் கூடத்தில் ஐந்து சென் வழங்கப்பட்டது. கறுப்புப் பூனை பிடிக்கும் எலிகளையெல்லாம் எசமானன் பறித்துக் கொண்டுபோய்க் கொடுத்து ஒரு யென்னுக்கு மேற் சம்பாதித்துவிட்டான். பூனைக்கோ ஒழுங்கான ஒருவேளைச் சாப்பாடும் இல்லை. உழைப்பவன் ஒருவன், பலன் கொள்பவன் வேறொருவன் என்ற உண்மையை இவ்வளவு சுருக்கமாகவும் இவ்வளவு சிரிப்போடும் கூறிய பக்கங்கள் உலக இலக்கியத்தில் மிகச் சிலவே. வாசகன் சிரித்து முடிக்குமுன், றிக்ஷாக்காரனும் இன்னொருவனுக்காக இழுப்பவனே என்பது நினைவுக்கு வரும். சுரண்டப்படுபவன் தன்னிலும் எளியதைச் சுரண்டுகிறான்.

பூனைகளுக்குள்ளும் வர்க்கம் உண்டென்பதைச் சோசெக்கி மறைக்கவில்லை. இசை கற்பிக்கும் அம்மையார் வீட்டு முக்கலர்ப் பூனைக்கு மணி கட்டிய கழுத்துப்பட்டி உண்டு. அது நோயுற்றால் வைத்தியரிடம் கொண்டுசெல்வர். இறந்தால் மதகுருவை அழைத்து, இறந்தோர்க்குச் சூட்டும் சமயப் பெயரும் பெற்றுக்கொடுப்பர். அதன் பிரிவால் வாடும் அம்மையாரும் பணிப்பெண்ணும், ஆசிரியர் வீட்டு அவலட்சணப் பூனை இதற்குப் பதிலாகச் செத்திருக்கலாகாதா என்று பேசிக்கொள்வதை, அந்தத் தெருப் பூனை மறைந்திருந்து கேட்கிறது. பூனை மீதான அன்பு என்று நாம் போற்றுவதன் மறுபக்கம் இது. அது ஒரு பூனையை மட்டும் சமயப் பெயரிட்டுப் புதைக்கிறது. மற்றதை உயிரோடு சபிக்கிறது. கட்டுரைத் தொடக்கத்திற் கேட்கப்பட்ட கேள்விக்குச் சோசெக்கியின் பாதி விடை இங்குள்ளது: அன்பைக் குறை கூற வேண்டியதில்லை, அது எங்கே நின்றுவிடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஆசிரியர்களான எம் வாசகர் இந்நூலிற் குஷாமியைக் கண்டு முதலிற் சிரிப்பர். பின்னர் சற்றே நெளிவர். ஓயாது நூல் வாங்கி, இரண்டு பக்கம் வாசித்து, அதன் மேலேயே உறங்குபவர் அவர். அயலிலுள்ள கனேதா என்ற செல்வர் அவரை மதிப்பதில்லை. அவரும் கனேதாவை மதிப்பதில்லை. பணம் சேர்க்க விரும்புபவன் கடமை, மனிதவுணர்வு, வெட்கம் ஆகிய மூன்றையும் விட்டுவிட வேண்டும் என்பது கனேதாவின் உலகத்துச் சித்தாந்தம். பணியாத ஆசிரியரைப் பணிய வைக்கக் கனேதா அயலவரைத் தூண்டி ஏச வைக்கிறார். அடுத்திருக்கும் பாடசாலை மாணவரை ஏவி வேலிக்குள் பந்து எறிய வைக்கிறார். பணம் படைத்தவன் படித்தவனை அடிப்பது மாணவரைக் கொண்டே! ருசிய–யப்பானியப் போர் நடந்த 1904, 1905ஆம் ஆண்டுகளில் நாடு வெற்றிக் களிப்பில் மிதந்தபோது, எலி பிடிக்கப் போகும் பூனையைக் கடற்படைத் தளபதி தோகோவோடு ஒப்பிட்டு எழுதும் துணிவு சோசெக்கிக்கு இருந்தது. வீரப் பேச்சு மிகுந்த காலத்தில் இது சிறு காரியமன்று.

எனினும் எமது பாராட்டு நிபந்தனையற்றதன்று. சோசெக்கியின் அங்கதம் கனேதாவை நோக்கிச் செல்லும்போது கூர்மையாக இருக்கிறது. குஷாமியை நோக்கித் திரும்பும்போது நேர்மையாக இருக்கிறது. ஏழைகளை நோக்கும்போது மட்டும் சோம்பிவிடுகிறது. பூனையைத் திரும்பத் திரும்ப வெளியே எறியும் சமையற்காரி ஓசான், கரடுமுரடான ஒரு முகமாகவே நூல் முழுவதும் வருகிறாள். அவளுக்கு என்ன கூலி, அவள் எப்போது உறங்குகிறாள் என்று, எங்கும் நுழைந்து எதையும் ஒற்றறியும் பூனை ஒரு முறையேனும் விசாரிப்பதில்லை. றிக்ஷாக்காரன் மனைவி கனேதாவின் கையாளாக வருகிறாள். அவள் ஏன் அக்காசுக்கு விலைபோனாள் என்பது ஆசிரியரைக் கவரவில்லை. குசினியில் அதிக நேரம் செலவிடும் பூனைக்குக் குசினி உழைப்பு தெரியவில்லை. படிப்பறையிலிருந்து பார்த்தால் தெரிபவை மட்டுமே அதற்குத் தெரிகின்றன. இது சோசெக்கியின் குறை மட்டுமன்று; மெய்ஜிக் கால மத்தியதர வர்க்கப் புத்திஜீவியின் எல்லை. சமூகத்தை வெறுத்தான், அதை மாற்றக்கூடியவர் யாரென அறியான். நாவலின் முடிவும் இவ்வெல்லையையே காட்டுகிறது. விருந்தினர் விட்டுச்சென்ற பியரைக் குடித்த பூனை தண்ணீர்ச் சாடியுள் விழுகிறது. சற்று நேரம் போராடுகிறது. பின்னர் போராட்டத்தைக் கைவிட்டு, பிரார்த்தனையோடு அமைதியாக அமிழ்கிறது. இம்முடிவை ஞானம் எனப் போற்றுவோர் உண்டு. எமக்கு அது களைப்பாகவே தோன்றுகிறது.

இவ்வளவில் நிறுத்தியிருந்தால், சோசெக்கி பூனையைக் கருவியாக்கிய கெட்டிக்காரர் என்ற முடிவோடு நாம் எழுந்திருப்போம். ஆனால் அவர் இன்னுமொன்று எழுதினார். 1909இல் ‘அசாஹி’ பத்திரிகையில் வந்த சிறு சித்திரங்களுள் ஒன்றான ‘பூனையின் கல்லறை’ சில பக்கங்களே கொண்டது. உண்மைப் பூனை 1908 செப்ரெம்பர் 13ஆம் நாள் இறந்தது. நண்பர்க்கும் சீடர்க்கும் சோசெக்கி துயர் அறிவித்தல் அனுப்பினார். எசமானர் ‘சன்ஷிரோ’ நாவலை எழுதிக்கொண்டிருப்பதால் மரணச் சடங்குக்கு எவரும் வர வேண்டியதில்லை என்றும் அதில் வேடிக்கையாகக் குறித்தார். அவ்வேடிக்கைக்குப் பின்னால் நடந்தது என்ன என்பதைச் சில மாதங்களின் பின் வந்த சித்திரமே சொல்கிறது.

வசேதாவுக்கு வீடு மாறிய பின் பூனை மெலிகிறது. பிள்ளைகளோடு விளையாடுவதை நிறுத்துகிறது. வால் உரோமம் உதிர்கிறது. உண்டதைக் கக்குகிறது, வீட்டார் முகம் சுளிக்கின்றனர். மருந்தைத் தண்ணீரிற் கரைத்துக் கொடுக்குமாறு கணவர் சொல்கிறார்; மனைவி பேசாதிருக்கிறார். சில நாளின் பின் கேட்டபோது, வாய் திறக்கவில்லை என்றும், மீன்முள் கொடுத்தாற் கக்குகிறது என்றும் மனைவி கூற, அப்படியானால் கொடுக்காமல் விடலாமே என்று சற்றே கடுத்துவிட்டு அவர் தம் வாசிப்பைத் தொடர்கிறார். பூனை ஒரு நாள் முழுவதும் அடுப்பங்கரையில் முனகுகிறது. இரவானதும் கணவரும் மனைவியும் அதனை முற்றாக மறந்துவிடுகின்றனர். அவ்விரவிலேயே அது இறந்துபோகிறது. விறகெடுக்கப் பின்புறக் கொட்டிலுக்குச் சென்ற பணிப்பெண், பழைய அடுப்பொன்றின் மீது விறைத்துக் கிடந்த உடலைக் காண்கிறாள்.

அதன் பின்னர் வீடே மாறிவிடுகிறது. அதுவரை அசட்டையாக இருந்த மனைவி பரபரப்படைந்து, மரத்தாலான கல்லறைக் குறியொன்றை வாங்குவித்து, கணவரை எழுதித் தரக் கேட்கிறார். பிள்ளைகள் இரு புறமும் போத்தல்கள் வைத்துப் பூக்கள் நிரப்பி, நாள்தோறும் நீர் மாற்றுகின்றனர். மூன்றாம் நாள் மாலை, நான்கு வயது மகள் தனியே அங்கு வந்து, விளையாட்டுக் கரண்டியால் அந்நீரை அள்ளிப் பருகுவதைத் தகப்பன் அறையிலிருந்து பார்க்கிறார். இறந்த நாள் வரும்போதெல்லாம் மனைவி மீன் துண்டும் சோறும் படைக்கிறார். ஆயின் இப்போதெல்லாம் தோட்டம் வரை கொண்டு செல்வதில்லை, வீட்டினுள் அலுமாரியின் மேலேயே வைத்துவிடுகிறார் என்று சித்திரம் முடிகிறது.

இங்கு அங்கதமில்லை, அழுகையும் இல்லை. தம்மை நியாயப்படுத்தும் சொல் ஒன்றும் இல்லை. அந்தப் பூனையால் அவர் புகழ் பெற்றார். அப்புகழே அவர் 1907இல் ஆசிரியத் தொழிலை விட்டு ‘அசாஹி’யிற் சேர்ந்து எழுத்தாளராக வாழ வழி செய்தது. அப்பூனை இறந்த இரவில் அதனை மறந்திருந்தோம் என்று எழுதுகிறார். பலரும் பெரிதெனப் போற்றும் நாவலைவிட இச்சிறு சித்திரத்தையே நாம் உயர்வாக மதிக்கிறோம். நாவலிற் பூனை மனிதனைப் பார்த்தது. மனிதன் பூனையைப் பார்க்கவில்லை. சித்திரத்தில் அவன் பார்க்கிறான், காலம் தாழ்த்தி. காலம் தாழ்த்திவிட்டோம் என்பதையும் சேர்த்தே பார்க்கிறான். யதார்த்தம் என்ற சொல்லைப் பிறரின் குறைகளை எழுதுவதற்கு மட்டும் வழங்கும் எம் எழுத்தாளர், தம் வீட்டுக்குள் அதனைத் திருப்பிய இச்சித்திரத்தைப் படித்தல் நன்று.

சோசெக்கியின் சீடருள் ஒருவரான உச்சிதா ஹியக்கன் இதற்கு நேர் எதிரானவர். அவர் வீட்டுத் தோட்டத்திற்கு வந்த தெருப் பூனைக்குட்டி நோரா, வளர்ந்து, 1957 மார்ச்சில் ஒரு நாள் வெளியே சென்று திரும்பவில்லை. அறுபத்தேழு வயது முதியவர் நாள்தோறும் அழுதார். பூனை படுக்கும் குளியற் தொட்டி மூடியில் முகம் புதைத்து அழுதார். பத்திரிகையில் விளம்பரம் செய்தார். அயலில் வாழ்ந்த வெளிநாட்டவருக்காக ஆங்கிலத்திலும் துண்டுப்பிரசுரம் அச்சிட்டார். அவ்வழுகையின் நாட்குறிப்பே ‘நோராவே’ என்னும் அவரது நூல். அகிரா குரோசாவா 1993இல் எடுத்த ‘மதாதயோ’ படத்தில் இச்சம்பவத்தைக் காணலாம். ஹியக்கனின் துயரம் உண்மையானது, எம்மையும் உலுக்கியது. ஆனால் அதில் ஒரு பூனையைத் தவிர உலகம் இல்லை. நாவலிலே உலகம் இருந்தது, அன்பு குறைவு. ஹியக்கனிடம் அன்பு உண்டு, உலகம் சுருங்கிவிட்டது. இரண்டுக்கும் நடுவே, கல்லறை நீரைப் பருகும் சிறுமி நிற்கிறாள்.

எமது பூனைக்கு மீள்வோம். ஒரு தவணைப் பரீட்சைக் காலத்தில், அது மூன்று நாள் சாப்பிடாமல் மூலையிற் கிடந்தது. நாம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தோம். நாளை பார்க்கலாம் என்றோம். மறுநாளும் அதையே சொன்னோம். அடுத்த வீட்டுச் சிறுமி வந்து, மேசையருகே நின்று, பூனைக்கு வாய்க்குள் ஏதோ நோகிறது என்று விடாமற் சொல்லிக்கொண்டேயிருந்தாள். மிருக வைத்தியர் தொண்டையிலிருந்து மீன்முள்ளொன்றை எடுத்தார். பூனை இன்றும் எமது விறாந்தையிற் படுத்திருக்கிறது. அதற்குக் காரணம் எமது மனிதாபிமானம் அன்று. மனிதாபிமானம் பற்றிய கட்டுரையொன்று அன்று எமது மேசையிற் பாதி எழுதிக் கிடந்தது.

ஆதலால், மனிதர் பட்டினி கிடக்கையிற் பூனையா என்று கேட்ட நண்பருக்கு எமது விடை இதுதான். பூனை மீது அன்பு கொள்பவன் மனிதர் மீதும் அன்பு கொள்வான் என்பதற்கு உத்தரவாதம் எதுவுமில்லை; இசையம்மையார் வீடே சான்று. ஆனால் தன் காலடியில் முனகும் உயிரை வாசிப்பின் மும்முரத்திற் கேளாதவன், வகுப்பின் கடைசி வாங்கில் காலையுணவின்றி அமர்ந்திருக்கும் மாணவனின் மௌனத்தையும் கேளாதிருக்கக் கூடும். இரண்டுக்கும் வேண்டிய புலன் ஒன்றே. சோசெக்கி அப்புலனைப் பிந்தியே பெற்றார். பிந்தியதை மறைக்காமல் எழுதினார். நாம் அதனைப் பிந்தாமற் பெற வேண்டும். விடைத்தாள் கட்டு மேசையில் இருக்கட்டும். ஒருமுறை எழுந்து பார்த்துவிட்டு வந்து திருத்தலாம்.